ஏழாம் மாதத்துப் படம்

முத்துவடிவு வாயாடி அல்ல. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளை யாராலும் அசைக்க முடியாது. தன் மகள் குழல்வாய்மொழியின் இடது கண்ணைக் கெடுத்தது அவளைப் பெற்ற தகப்பன் தில்லைநாயகம்தான் என்று ஏழு வருஷமாகச் சொல்லிவந்தாள். போன ஐப்பசியில் அந்த மனுஷன் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"செத்துப்போனா, செஞ்சது இல்லைன்னு ஆயிருமாக்கும்?" என்று கேட்டுவிட்டு முத்துவடிவு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மொழி என்று வீட்டில் கூப்பிடுகிற அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது ஆகப்போகிறது. பார்வையில் பழுது கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாலும் போர்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் படிப்பாள். ஆனால் இடது கண்ணின் பாப்பா காதுப் பக்கம் போகாது. நடுவுக்கு வருமுன்னே நின்றுவிடும். இடது பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் கழுத்தோடு திரும்ப வேண்டும். வலது பக்கம் பார்த்தால் அதே கண் சற்று உள்ளே வாங்கி இடுங்கிக்கொள்ளும். தலையை நேராகப் பிடித்து நிறுத்தினால் பாப்பா மூக்கை ஒட்டிப் போய்விடும். அதனால் பிள்ளை எப்போதும் முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் எதையும் பார்க்கும். அதைத் திமிர் என்று நினைத்த டீச்சர் ஒருத்தியிடம் ஒன்றாம் வகுப்பில் வாங்கிய கொட்டுகளுக்குக் கணக்கில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனைக்கு வந்த டாக்டர், தலைவலி உண்டா என்று மொழியிடம் கேட்டார். எட்டு வயதுப் பிள்ளையிடம் தலைவலி உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதானே சொல்லும். அவர் அதையும் எழுதிக்கொண்டு முத்துவடிவுக்கு ஆள் அனுப்பினார். கண் ஒரு பக்கம் போகவில்லை, தலைவலியும் இருக்கிறது, தலைக்குள் கட்டி ஏதும் இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது என்றார். தலையைத் துண்டு துண்டாகப் படம் எடுத்துக் காட்டுகிற ஸ்கேன் மிஷின் திருவனந்தபுரத்தில் இருக்கிறது என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கட்டி என்றதும் முத்துவடிவு உலகம்மனுக்குக் காசு முடிந்து வைத்தாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெளியே சொல்லக் கூடாத ஆசை ஒன்றும் இருந்தது. மண்டைக்குள் அடிபட்ட தழும்பு இருக்கும். மிஷின் அதைக் காட்டிவிடும். தான் சொன்னதுதான் சரி என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுத்தாகவே கிடைத்துவிடும். பிள்ளைக்குக் கட்டி இருக்கக் கூடாது, தழும்பு இருக்க வேண்டும் என்று உலகம்மனிடம் வேண்டிக்கொண்ட தாய் தென்காசியில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தில்லைநாயகம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர். அதனால் அந்த வழியில் ஓடுகிற கண்டக்டர்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும். திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிய அன்று மாடக்கண்ணு கண்டக்டர் முன்னாலேயே இடம் போட்டு வைத்திருந்தார். "அண்ணாச்சி இருந்தா அவுகளே கூட்டிட்டுப் போயிருப்பாக" என்றார். முத்துவடிவு ஜன்னலோரம் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு இந்தப் பக்கம் உட்காரப் போனாள்.

"நான் இங்கன வாரேன். நீ ஜன்னல் பக்கம் போம்மா" என்றாள் மொழி. "அப்பா எப்பவும் எனக்கு வலது பக்கந்தான் உக்காருவாக. தலையத் திருப்பாண்டாம்."

உண்மைதான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும், கோயிலில் நின்றாலும், அவர் சுற்றிக்கொண்டு வந்து பிள்ளையின் வலது பக்கம்தான் இடம் பிடிப்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று முத்துவடிவு அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். இப்போதும் அதையேதான் நினைத்தாள். புளியறை செக்போஸ்டில் லாரிகள் வரிசையில் நிற்க, சாரலில் ஜன்னல் நனைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த மிஷின் இருந்த அறை ஐஸ் பெட்டிக்குள் நுழைந்தது மாதிரி குளிர்ந்தது. பெரிய வளையம் ஒன்று, அதற்குள் போய் வருகிற நீளப் பலகை ஒன்று. மொழியை அதில் படுக்க வைத்து, தலை ஆடாமல் இருக்க நெற்றியில் பட்டை போட்டுக் கட்டினார்கள். பட்டை இறுகித் தலை நேரானதும் இடது கண்ணின் பாப்பா மூக்கோரம் போய் ஒட்டிக்கொண்டதை முத்துவடிவு பார்த்தாள். பிள்ளை அழவில்லை. அம்மா எங்கே நிற்கிறாள் என்று தேடியது. அவள் நின்றதோ இடது பக்கம். கட்டிப்போட்ட தலையோடு அந்தப் பக்கம் சரியாகப் பார்க்க முடியாது. முத்துவடிவு வலது பக்கம் ஓடிவருவதற்குள் அவளை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார். நடுத்தர வயது, மலையாளத்துக்காரர், தமிழ் தடுமாறாமல் வந்தது. விளக்குப் பெட்டியில் கறுப்பு பிலிம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொன்றும் மொழியின் தலை.

"பயப்பட வேண்டாம். கட்டி இல்லை. ஒண்ணுமே இல்லை. தலைவலிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

முத்துவடிவு உலகம்மனை நினைத்துக் கையெடுத்தாள். பிறகு, வந்த காரியத்தின் மற்றப் பாதியைக் கேட்டாள். "அடிபட்ட தழும்பு எந்தப் பக்கம் இருக்கு?"

"தழும்பா? எங்கயும் இல்லை. எலும்புல கீறல் கூடக் கிடையாது. யாரு அடிபட்டதுன்னு சொன்னது?"

"பிள்ளைக்கு ஒரு வயசுல அருவித் தண்ணி மண்டையில விழுந்துட்டு. அதுலதான் கண்ணு இப்படி ஆச்சு."

டாக்டரம்மா ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்து ஒரு தலையும் ஒரு கண்ணும் வரைந்தார். கண்ணை வெளிப்பக்கம் இழுக்க ஒரு தசை இருக்கிறது, அதை வேலை வாங்க மூளைக்கு அடியிலிருந்து ஒரு நரம்பு வர வேண்டும், அதற்கு ஆறாம் நரம்பு என்று பெயர் என்று கோடு போட்டுக் காட்டினார். தாய் வயிற்றில் இரண்டாம் மாதத்திலேயே அது முளைக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு முளைக்கவில்லை. அந்த இடத்துக்குப் பக்கத்து நரம்பு ஒன்றின் கிளை வழிதவறி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மூக்குப் பக்கம் பார்க்கும்போது கண் உள்ளே இழுபட்டுச் சின்னதாகிறது.

"அடிபட்டு நரம்பு போனா கண்ணு இப்படி உள்ள வாங்காது. பிறவியிலயே உள்ளதுக்குத்தான் இந்த லட்சணம்."

"அந்த நரம்பு இல்லைங்கிறது இந்தப் படத்துல தெரியுதா?"

"இல்லை. அது நூலைவிடச் சன்னம். இந்த மிஷினுக்கு அவ்வளவு கண்ணு கிடையாது. இதே மாதிரி இருந்தவங்க செத்த பிறகு வெளிநாட்டுல மூளையைத் திறந்து பாத்திருக்காங்க. நரம்பு இருக்க வேண்டிய இடத்துல இல்லை. உயிரோட இருக்கும்போதே அதைப் படம் பிடிக்கிற காலமும் வரும். இப்ப நான் சொல்றது கண்ணைப் பாத்துச் சொல்றது. உங்களால இல்லைம்மா. யாராலயும் இல்லை. மசக்கை தீருறதுக்கு முன்னாலயே இது முடிஞ்சுபோன காரியம்."

வேறு ஒருத்தியாக இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பாள். முத்துவடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட போட்டோ இருக்கு டாக்டர். அருவிக்குப் போறதுக்கு அஞ்சு மாசம் முன்னால, பிள்ளைக்கு ஏழாம் மாசத்துல எடுத்தது. அதுல ரெண்டு கண்ணும் நேரா இருக்கு."

"தலையைத் திருப்பி வச்சிருப்பா."

"இல்லை. தலையும் நேரா. கண்ணும் நேரா."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அப்படி இருந்தா அது இந்த வியாதிக்குச் சேராது. நான் வேற ஏதாவது யோசிக்கணும். அடுத்த மாசம் வரும்போது ஒரு நல்ல காப்பி எடுத்துட்டு வாங்க. பாத்துட்டுத்தான் மேற்கொண்டு சொல்வேன்."

ஊர் திரும்புகிற பஸ்ஸில் முத்துவடிவுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. படித்த டாக்டரையே யோசிக்க வைத்துவிட்டது அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிற ஒரு போட்டோ. மடியில் தூங்கின பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது போட்டோ வருவதற்கு முந்தின காலத்துப் பேச்சு என்பது அவள் எண்ணம்.

அந்தப் போட்டோவின் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எண்பதாம் வருஷம் பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை பகலில் பெரிய சூரிய கிரகணம் வந்தது. தென்காசியே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தது. முத்துவடிவுக்கு அப்போது நாலு முடிந்து ஐந்தாம் மாதம். மாமியார் பேராச்சி அவளை உள்ளறையில் உட்கார வைத்து, தண்ணீர்ப் பானையிலும் ஊறுகாய்ச் சாடியிலும் தர்ப்பையைப் போட்டு, அசையக் கூடாது, ஊசி தொடக் கூடாது, சூரியன் இருக்கிற திசையில் கண்ணே போகக் கூடாது என்று காவல் இருந்தாள். காவல் இருந்தவள் தூங்கிப்போனாள். இருபது வயது, புழுக்கம், பகலில் இருட்டிக்கொண்டு வருகிற அதிசயம். முத்துவடிவு மெல்ல எழுந்து புறவாசலுக்குப் போனாள். வானத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. வேப்ப மரத்தடியைத்தான் பார்த்தாள். இலைக்கு நடுவே விழுகிற வெயில் பொட்டுகள் எல்லாம் வட்டமாக இல்லை. ஒவ்வொன்றும் பிறை. தரை முழுக்க நூறு பிறை கிடந்தது. தன் கையை நீட்டினாள், கையிலும் விழுந்தது. வயிற்றிலும் விழுந்தது.

அதைப் புருஷனிடம் மட்டும்தான் சொன்னாள். "ஏட்டி பைத்தியாரி, யார்ட்டயும் மூச்சு விட்டுராத" என்று சிரித்தார் அவர். அவள் சிரித்தாலும் பிறகு பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை பிறந்ததும் முதலில் உதட்டைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், விரல்களை எண்ணினாள். கண்ணை மட்டும் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. கைப்பிள்ளையின் கண் அங்கும் இங்கும் ஓடத்தான் செய்யும் என்றார்கள். மொழி எப்போதும் முகத்தை ஒரு பக்கம் திருப்பியே கிடந்தாள். பால் குடிக்கிற பழக்கம் என்றார்கள். ஏழாம் மாதத்தில் தில்லைநாயகம் பிள்ளையைக் கபீர் பாய் ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய்ப் படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். முகம் நேராக, இரண்டு கண்ணும் நேராக, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது பிள்ளை. அன்றைக்குத்தான் முத்துவடிவு மனதுக்குள் இருந்த கிரகணம் விட்டது.

ஐந்து மாதம் கழித்து, பிள்ளையின் முதல் பிறந்த நாளுக்குக் குற்றாலநாதர் கோயிலில் மொட்டை போட்டார்கள். அம்மன் பெயரைத்தானே பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். மொட்டைத் தலையை அருவியில் நனைக்க வேண்டும். பேரருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்ததால் சின்னப் பிள்ளைகள் குளிக்கிற புலியருவிக்குப் போனார்கள். ஓரத்தில் சன்னமாக விழுகிற தண்ணீரில் தில்லைநாயகம் பிள்ளையை நீட்டினார். பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியதில் அவர் கால் ஒரு அடி முன்னே போனது. மொத்தத் தண்ணீரும் மொட்டைத் தலையில் விழுந்தது. பிள்ளைக்கு ஒரு நிமிஷம் மூச்சே வரவில்லை. பிறகு மூன்று நாள் காய்ச்சல். எட்டாம் நாள் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்த பேராச்சி, "ஏட்டி முத்து, பிள்ளைக்குக் கண்ணு ஏன் இந்தப் பக்கம் வரமாட்டேங்குது?" என்று கேட்டாள்.

முத்துவடிவு போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து வந்து எல்லார் முன்னாலும் வைத்தாள். முன்னால் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தில்லைநாயகம் படத்தைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார்.

"ஆமா முத்து. எங் கைதான் வழுக்கிட்டு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எந்த அருவிக்கும் போகவில்லை. சீசன் நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு குற்றால வண்டியை விசில் ஊதி அனுப்பி வைப்பார். ஊரே குளிக்கிறது, டைம்கீப்பர் அண்ணாச்சி மட்டும் வீட்டுக் கிணற்றில் குளிக்கிறாரே என்று கேலி பேசினார்கள். பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினால், "போதும், நீங்க தூக்குனது" என்பாள் முத்துவடிவு. பிள்ளை பேச்சுப் பழகியபோது அதையும் சேர்த்துப் பழகிக்கொண்டது. மூன்று வயதில், அவர் கூப்பிட்டால், "அப்பா கை வழுக்கும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஓடிவிடும். அவர் அதற்கும் சிரிப்பார். மாமியார் கண்ணை மூடினாள், வருஷம் ஓடியது, முத்துவடிவு மட்டும் இறங்கி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "முத்து, உம் மேல ஒரு தப்பும் கிடையாது. எதையும் மனசுல வச்சுக்கிடாத" என்றார்.

"எம் மேல என்ன தப்பு? தப்புப் பண்ணுனவுக நீங்க" என்றாள் அவள். நெஞ்சில் வலி உள்ள மனுஷனிடம் பேசுகிற பேச்சா அது. ஆனால் பேசினாள்.

"ஆமா" என்றார். மறுநாள் விடிகிறபோது அவர் இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த நாலாம் நாள், முத்துவடிவு சுவரிலிருந்த படத்தை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு ரத வீதிக்குப் போனாள். சட்டத்தைப் பிரித்துப் படத்தைக் கெடுக்க அவளுக்கு மனமில்லை. புதிதாக ஒரு காப்பி போட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தாள். கபீர் பாய்க்கு இப்போது தாடி வெளுத்திருந்தது. முழுப் பெயர் அகமது கபீர். தில்லைநாயகத்தை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர், அதனால் அவளுக்கு மதினி என்ற மரியாதை.

"உக்காருங்க மதினி. இதுக்கு இன்னொரு காப்பியா? பாப்பா கல்யாணத்துக்குக் கேப்பிய, அப்ப பெருசாப் போட்டுத் தாரேன்."

"கல்யாணத்துக்கு இல்லை பாய். டாக்டருக்கு. பிள்ளை கண்ணுக்கு இதைப் பாத்துத்தான் வைத்தியம் சொல்லணுமாம்."

கபீர் பாய் படத்தை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். இன்றைக்கு லேப்பில் தண்ணீர் வரவில்லை என்றார். நாளைக்கு வருகிறேன் என்றாள். படம் கழுவுகிற மருந்து தீர்ந்துவிட்டது என்றார். முத்துவடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, இந்தப் படத்தை டாக்டருக்குக் குடுக்காதிய."

"ஏன்?"

"நான் ஒரு மனுஷனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவரு இப்ப இல்லை. வாக்குத் தப்புனா எனக்குப் பாவம். ஆனா இதைப் பாத்து டாக்டர் பிள்ளை கண்ணுல கத்தி வச்சுட்டா, அது அதைவிடப் பெரிய பாவம்." எழுந்துபோய்ப் பின்னறையில் எதையோ உருட்டினார். வெகுநேரம் ஆயிற்று. பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே எண்ணும், எண்பத்தொன்று பிப்ரவரி என்று தேதியும் இருந்தன. உள்ளே ஒரு நெகட்டிவ். அதை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக இருக்கும். ஆனாலும் தாய்க்குத் தெரியாதா. நேராக நிமிர்த்தி வைத்த முகத்தில், இடது கண்ணின் பாப்பா மூக்கோரமாக ஒதுங்கி நின்றது. பட்டை போட்டுக் கட்டியபோது மிஷினில் படுத்திருந்தாளே, அதே கண்.

"பாப்பா தலையைத் திருப்பித் திருப்பி வச்சா. நான்தான் நேராப் புடிச்சு எடுத்தேன். கழுவிப் பாத்தா கண்ணு இப்படி. அண்ணாச்சிட்டக் காமிச்சேன். அப்படியே உக்காந்துட்டாக."

"அப்பம் அவுகளுக்குத் தெரியும்."

"தெரியும். டச்சப் பண்ணித் தாங்க பாய்னு கேட்டாக. பெரிய பிரிண்ட் ஒண்ணு போட்டு, கண்ணுப் பாப்பாவை வெள்ளையால மூடி, நடுவுல புதுசா எழுதி, அதையே திரும்பப் படம் புடிச்சேன். கல்யாணப் பொண்ணுக்குப் பரு அழிக்கிற வேலை எனக்கு. கண்ணு எழுதினது அன்னைக்கு ஒருநாள்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஏன்னு கேட்டேன் மதினி. அவ கிரகணத்தன்னைக்குப் புறவாசலுக்கு வந்துட்டா பாய், பிறை பிறையா வெயிலு வயித்துல விழுந்துச்சாம், அதுலதான் பிள்ளைக்குக் கண்ணு போயிட்டு, அவளுக்குத் தெரிஞ்சா உயிரை வச்சிருக்க மாட்டா, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா இவளை உயிரோட விடமாட்டான்னு சொன்னாக. நானும் எழுதிக் குடுத்துட்டேன். அருவித் தண்ணி விழுந்துன்னு பின்னால ஊருக்குள்ள பேச்சு வந்துது. அண்ணாச்சியப் பாத்துக் கேட்டேன். அது அப்படியே இருந்துட்டுப் போட்டும் பாய்னு சொல்லிட்டாக."

வெளியே குற்றால வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அதில் ஈரத் தலையோடு ஜனங்கள்.

அவருடைய கை வழுக்கவே இல்லை. அது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனால் அவருக்கும் முழுசாகத் தெரியாது. அவள்தான் பிள்ளையின் கண்ணைக் கெடுத்தாள் என்று நம்பியே அந்த மனுஷன் அவளோடு குடித்தனம் நடத்தினார், அவள் சமைத்ததைச் சாப்பிட்டார், அவள் ஏசியதைக் கேட்டுக்கொண்டார். அதை நம்பியபடியேதான் செத்தும் போனார். ஒரு நாள், ஒரு வார்த்தை, சொல்லிக் காட்டியதில்லை. உம் மேல ஒரு தப்பும் கிடையாது என்று அவர் சொன்னது மன்னிப்பு. அதை வாங்கிக்கொள்ளக்கூடத் தெரியாமல், தப்புப் பண்ணுனவுக நீங்க என்று திருப்பிக் கொடுத்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமே எவரிடமும் இல்லை. இரண்டாம் மாதத்தில் ஒரு நூல் முளைக்கவில்லை, அவ்வளவுதான். அது தெரிந்திருந்தால் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கலாம். இப்போது சொல்வதற்கு அவர் எங்கே இருக்கிறார்.

கபீர் பாய் அன்று சாயங்காலமே பழைய நெகட்டிவை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். முத்துவடிவு இரண்டு படத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதில் எதையும் மாட்ட அவளுக்குக் கை வரவில்லை. இரண்டையும் பாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மொழி விளையாடிவிட்டு வந்தாள். படங்களின் முன்னால் மண்டிபோட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஒன்றை மாற்றி ஒன்று பார்த்தாள்.

"இதுல கண்ணு இப்ப இருக்க மாதிரியே இருக்கே. இது எப்ப எடுத்தது?"

"ரெண்டும் ஒண்ணுதான். சட்டம் போட்டதுல பாய் திருத்தி எழுதியிருக்காரு." முத்துவடிவு அதோடு நிறுத்தவில்லை. மீதியையும் சொல்லாமல் விட்டால் தானும் இன்னொரு படம் எழுதிக் கொடுத்தவள் ஆகிவிடுவாள். "ஏட்டி மொழி, இங்கன பாரு. உங் கண்ணு பிறக்கும்போதே இப்படித்தான். அருவில ஒண்ணும் ஆகலை. உங்க அப்பா ஒண்ணும் செய்யலை. அம்மா தப்பாச் சொல்லிட்டேன்."

பிள்ளை சட்டம் போட்ட படத்தை விரலால் தொட்டுப் பார்த்தது. பிறகு கழுத்தோடு திரும்பி அம்மாவைப் பார்த்தது.

"அப்பம் அப்பா கை வழுக்காதா?"

"வழுக்காது."

"அவுக கூப்பிட்டப்ப நான் போயிருக்கலாமா?"

முத்துவடிவு எழுந்து, பிள்ளையைச் சுற்றிக்கொண்டு வந்து, அதன் வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"போயிருக்கலாம்ட்டி" என்றாள்.